தனி வழிப் பிரயாணம்

தனியாக ஸைக்கிளில் ஏறிக்கொண்டு தேசாந்தரம் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை பதினெட்டு வயதில் பல பிள்ளைகளுக்கு உண்டாகிறது. அதைக் கேட்ட மாத்திரத்தில் பெற்றோர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. இரண்டும் இயற்கையே. "துணைக்கு ஒருவரும் இல்லாமல் எப்படியடா போவாய்?" என்று தாயார் கேட்கிறாள். பிள்ளை மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு ஒருவர் துணையும் வேண்டாம்" என்கிறான். தாயாரின் கேள்விதான் பிள்ளையின் பதிலைவிட ஆழமானது என்பது நம் அபிப்பிராயம். ஏன் என்று காட்டுவதற்கு இரண்டு பிரயாணங்களைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஒன்று ஆஸ்திரேலியாவின் பொட்டல் வெளியில் ஸைக்கிளில் நடந்தது. மற்றொன்று ரயில் மறுக்கப்பட்ட ஒரு தமிழர் தெருப்புழுதியில் செய்தது. அது தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் முடிவடைந்தது.

ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டி நல்லார்பார் என்னும் சமவெளி இருக்கிறது. லத்தீன் மொழியில் 'மரம் இல்லை' என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம். நம் தமிழ்நாட்டைப் போல் ஒன்றரை மடங்கு. பூமி முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற சொற்ப மழையையும் அது உறிஞ்சிவிடுவதால், மேலே ஆறு என்ற பேச்சே கிடையாது. வெள்ளைக்காரர்கள் 'வெறும் வெளி' என்று எண்ணிய அந்தப் பிரதேசத்தில், எந்தப் பாறைக் குழியில் தண்ணீர் நிற்கும் என்பதை அறிந்த ஆதிக்குடிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்து வந்தார்கள்.

அந்த வெளிக்கு மேற்கே கூல்கார்டி என்னும் இடத்தில் 1892-ஆம் வருஷம் தங்கம் அகப்பட்டது. ஜனங்கள் மந்தை மந்தையாகப் போய்க் குவிந்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் இல்லை, தீவனமும் இல்லை. ஒட்டகங்கள் வந்தன. அவற்றை ஓட்டுவதற்கு ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் நம் தேசத்தின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அப்பால் ஸைக்கிளும் வந்தது. புல்லும் கேட்காது, நீரும் கேட்காது என்னும் பெருமை அதற்கு உண்டல்லவா? தங்க வயல்களில் கடிதங்களை விரைவாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு ஸைக்கிள்காரர்களே அமர்த்தப்பட்டார்கள்.

ஆர்தர் ரிச்சர்ட்ஸன் என்ற வாலிபர் 1896-ஆம் வருஷம் நவம்பர் 24-ஆம் தேதி கூல்கார்டியிலிருந்து அடிலெய்டு நகரை நோக்கித் தன்னந்தனியாக ஸைக்கிளில் புறப்பட்டார். அந்தத் தேசத்தில் அது கோடையின் தொடக்கம். கையில் ஒரு சிறிய மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையுந்தான். முப்பத்தோரு நாளில் அடிலெய்டு போய்ச் சேர்ந்தார். 1899 ஜூன் 5-ஆம் தேதி பெர்த் நகரிலிருந்து கிளம்பி, ஆஸ்திரேலியாக் கண்டத்தையே வலம் வந்து, 1900 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கேயே திரும்பி வந்தார். சுமார் 11,500 மைல்! ஸைக்கிளில் அக்கண்டத்தைச் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே.

அவர் துணையில்லாமல் போனார் என்று சொல்வது வழக்கம். ஆனால் நல்லார்பாரில் அவருக்கு வழிகாட்டியது எது? 1877-ஆம் வருஷம் போட்டு முடித்த தந்திக் கம்பிதான். அந்தக் கம்பியைப் பின்பற்றியே அவர் சென்றார். நெடுந்தூரத்துக்கு ஒன்றாகத் தந்தி நிலையங்கள் இருந்தன. அங்கே மனிதர்கள் இருந்தார்கள். மனிதர்கள் இருந்த இடத்தில் தண்ணீரும் இருந்தது. இன்று அவ்வழியில் 1976-ஆம் வருஷத்திலிருந்து முழுவதும் தார்ச்சாலை. அதில் 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகும் பகுதி ஒன்று உண்டு. அங்கே தனியாக ஸைக்கிள் மிதிக்கிறவர்கள் நாட்கணக்குக்குத் தண்ணீர் சுமக்கிறார்கள். எதிரே வரும் மோட்டார்க்காரர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் வேண்டுமா என்று விசாரிப்பதும் உண்டு. ஜனசஞ்சாரமற்ற வெளியில் மனிதனுக்கு மனிதன் அருமை தெரிகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இரண்டு மைலுக்கு ஒரு கிராமம். கிராமத்துக்கு ஒரு கிணறு. இங்கே தனிமை எங்கிருந்து வரும் என்று தோன்றும்.

வத்தலக்குண்டில் 1884-ஆம் வருஷம் பிறந்த ஸ்ரீ சுப்பிரமணிய சிவா, 1908-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தார். 1912-இல் வெளிவந்தபோது சிறைவாசம் அவருக்கு அளித்திருந்த சன்மானம் தொழுநோய். வாயும் பேனாவும் ஓயவில்லை. 'ஞானபாநு' என்ற பத்திரிகையை நடத்தினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆனால் தொழுநோயாளர் ரயிலில் ஏறலாகாது என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் வருஷமே இருப்புப்பாதை போட்டாகிவிட்டது. அந்த ரயில் யாருக்காகவெல்லாமோ ஓடியது, அவருக்காக ஓடவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலுமாக அவர் தமிழ்நாட்டை அளந்தார்.

பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் ஒன்றை ஸ்தாபித்தார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டுமென்று, 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அங்கே அஸ்திவாரக் கல்லும் நாட்டுவித்தார். கோயில் எழும்பவில்லை. 1925 ஜூலை 23-ஆம் தேதி அவ்வூரிலேயே கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். அவர் கனவு கண்ட ஊரில் பாரத மாதா நினைவாலயம் 2021-ஆம் வருஷந்தான் திறக்கப்பட்டது.

இரண்டு பிரயாணிகளில் யார் தனியாகப் போனவர் என்று நேயர்களே சொல்லட்டும். மரமற்ற வெளியில் சென்றவருக்கு வழியில் ஒவ்வொரு தந்தி நிலையமும் ஒரு வீடு. ஆயிரக்கணக்கான பேர் கூடி நின்று பேச்சைக் கேட்ட தேசபக்தருக்கோ, அந்த ஆயிரம் பேருடன் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து போக இடமில்லை. முன்னது இயற்கை உண்டாக்கிய வனாந்தரம். பின்னதை மனிதர்களே உண்டாக்கினார்கள்.

அதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடலாமா? தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்து நாற்பது வருஷங்களுக்கு மேலாகின்றன. சிகிச்சை தொடங்கியதும் நோய் பிறருக்குப் பரவுவது வெகு சீக்கிரத்தில் நின்றுவிடுகிறது. பெரும்பாலோருக்கு அந்நோயை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும், தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருந்த நமது சட்டங்கள் 2019-ஆம் வருஷத்தில்தான் திருத்தப்பட்டன. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியை அடிப்பதற்கே இவ்வளவு காலம் என்றால், மனத்திலுள்ள வரியை அடிக்க எவ்வளவு காலம் ஆகும்?

ஆகையால், ஸைக்கிள் ஆசை பிடித்த பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆஸ்திரேலியா கிடக்கட்டும், முதலில் பாப்பாரப்பட்டிக்குப் போய்வரட்டும். போகும் வழியில் தாகமெடுத்தால் கூச்சமின்றி ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்கட்டும். கொடுக்காத வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். திரும்பி வந்த பிறகு, நம் வீட்டு வாசலில் யார் வந்து நின்று கேட்டாலும், அவருடைய கைவிரல்களைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்குமானால், ஸைக்கிளுக்குப் போட்ட பணம் வீண்போகவில்லை.