பொன்னுருக்கப் பத்தர், கொடி வாங்கக் கடையா?

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்தின் முதற் சடங்கு பொன்னுருக்கல். நல்ல நாள் பார்த்து, நிறைகுடம் வைத்து, பத்தரை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்து, வெற்றிலை பாக்குடன் பொன்னை அவர் கையிற் கொடுக்கிறோம். தாலிக்குரிய பொன் பலர் முன்னிலையில் உருக வேண்டும் என்பதே அச்சடங்கின் பொருள். ஆனால் இன்று நம்மிற் பலர் செய்வதென்ன? பத்தருக்குத் தட்சணை கொடுத்து அனுப்பிவிட்டு, தாலிக்கொடியையும் அட்டியலையும் இயந்திர நகை விற்கும் கண்ணாடிக் கடைகளில் வாங்குகிறோம். சடங்குக்கு ஒருவர், கூலிக்கு வேறொருவர்! இது மரபைப் பேணுவதா, அன்றி மரபை நடிப்பதா?

அயல்நாடாகிய இந்தியாவில் 1963 ஆம் ஆண்டு, 14 கரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்வதை அரசு தடுத்தது. பொற்கொல்லர் பெருந்தொகையினர் தொழிலிழந்து தவித்தனர். அங்கே கொல்லனின் உலையை அவித்தது அரசின் ஆணை. இங்கே அத்தகைய ஆணை எதுவும் வேண்டியதில்லை. நாமே நம் கையால் அவ்வுலையை அவித்துக் கொண்டிருக்கிறோம்!

நகைத் தொழிலாற் பெயர்பெற்ற கன்னாதிட்டியின் கைவினைஞர் கண்ட இன்னல்கள் கொஞ்சமல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர்களும் பெயர்ந்தனர். 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக ஏறியபோது, பொன் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. போரையும் பஞ்சத்தையும் தாங்கிய தொழில் நம் அலட்சியத்தால் அழியுமாயின், அப்பழியை யார் தலையிற் சுமத்துவோம்?

கமக்காரரே, இது உங்கள் காரியமுமாகும். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பணம் வேண்டியபோது உங்களுக்குக் கைகொடுப்பது மனைவியின் காப்பும் சங்கிலியுமே. அடகு பிடிப்பவர் கல்லையும் அரக்கையும் கழித்துப் பொன்னை மட்டுமே மதிப்பார். 22 கரட் பவுண் ஒன்றின் 8 கிராமில் ஏறத்தாழ 7.33 கிராமே தூய பொன். நகையின் பகட்டு அடகுக் கடையில் ஒரு சதமும் பெறாது. உள்ளூர்ப் பத்தரிடம் செய்வித்த நகையில் எது பொன், எது கல் என்பதைச் செய்தவரிடமே கேட்டறியலாம்; கொக்கி அறுந்தால் அவரே ஒட்டித் தருவார்.

“பத்தர் தவணை தப்புவார், செம்பு கலப்பார்” என்று சிலர் முணுமுணுப்பது எமக்குத் தெரியும். குறையே இல்லையென்று நாம் வாதிட வரவில்லை. பொன்னைக் கொடுத்தவர் கண்முன்னே நிறுத்து, கரட்டையும் சேதாரத்தையும் செய்கூலியையும் எழுத்திற் கொடுத்து, செய்த நகையில் தம் முத்திரையைப் பொறிப்பது பத்தரின் கடமை. நேர்மையுள்ளவர் உரைகல்லுக்கு அஞ்சார்.

இன்னொன்றையும் ஒளியாது சொல்வோம். இத்தொழிலை ஒரு குலத்தாரின் தொழிலென்று வேலி போட்டவர்கள் நாமே. அதைச் செய்பவரைப் பந்தியில் ஒதுக்கி, அவர் செய்த பொன்னை மட்டும் கழுத்தில் அணிந்தோம். அந்த அவமதிப்புக்கு அஞ்சித் தம் பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்பியவரை நாம் எவ்வாறு குறை கூறலாம்? பட்டடையின் முன் அமரக் கையுறுதியும் பொறுமையுமே தகுதி. விரும்பும் இளைஞர் எவருக்கும் அது திறந்திருத்தல் வேண்டும்.

வைத்தியரே, சட்டத்தரணியரே, ஆசிரியரே! மேடையில் தமிழர் பண்பாடு பேசுகிறீர்கள். உங்கள் இல்லத்தில் அடுத்த பொன்னுருக்கல் நிகழும் நாளில், உருக்கிய பொன்னோடு கொடிக்குரிய பொன்னையும் அதே பத்தரிடம் கொடுங்கள். நியாயமான கூலியைப் பேரம் பேசாது கொடுங்கள். கைத்தொழிலைக் காக்கும் பண்பாடு அங்கிருந்தே தொடங்கட்டும்.