மார்கழிப் பனியும் மண்ணெண்ணெய் இயந்திரமும்

மார்கழியின் பின்பாதியில், யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் விடியுமுன்னரே எழும் ஓசை ஒன்றை நேயர்கள் அறிவர். கிணற்றடியில் ஒருவர் கயிற்றைச் சுற்றி இழுப்பார். இறைப்பு இயந்திரம் ஒருமுறை செருமி அடங்கும். மீண்டும் இழுப்பார், மீண்டும் செருமல்.

கனடாவில் வாழும் எம் உறவினர் கேட்டால் நகைப்பர். அங்கே பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே. இங்கே 22, 23 பாகையிலேயே போர்வை தேடுகிறோம்! எனினும் இயந்திரத்தின் பக்கம் நியாயம் உண்டு. எரிபொருள் ஆவியாகிக் காற்றுடன் கலந்தாலன்றிப் பொறிக்குப் பற்றாது. பெற்றோல் பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயும் பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கோ ஏறக்குறைய 38 பாகையேனும் வேண்டும். அதன் கணக்கில் யாழ்ப்பாணத்துக் காலை ஆண்டு முழுவதும் பனிக்காலமே.

ஆதலாற்றான் பெற்றோலில் இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வழக்கம் வந்தது. இங்கிலாந்தில் 1949 இல் வெளிவந்த பெர்குசன் டி.ஈ.டி. 20 உழவு இயந்திரத்துக்கும் முறை இதுவே. அவசரப்பட்டு முன்னரே மாற்றினால், ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிந்தர்ச் சுவர்வழி இறங்கி ஒயிலைக் கெடுக்கும். நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடுதல் வேண்டும். மறந்தவர் மறுநாட் காலை கயிற்றோடு மல்லாடுவர்.

1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின, பெற்றோலோ துளிக்கணக்காயிற்று. எம் தந்தையார் ஊசிமருந்துக் குப்பியொன்றில் அதனை அடைத்து வைத்திருந்தார். காற்றுப் போகும் வாயில் நாம் இரண்டு துளி விடுவோம். அவர் கயிற்றை இழுப்பார். பன்னிரண்டு வயதில் அது பெரும் பதவி!

ஒரு தை மாதக் காலை, அவர் வருமுன் தனியே இயக்கிக் காட்ட எண்ணினோம். பிளக்கிற் பனி படர்ந்திருந்ததை நோக்கவில்லை. துடைத்து, அடுப்பருகே உலர்த்தியிருந்தால் இரண்டு துளியே போதும். நாமோ துளி விடுவதும் இழுப்பதுமாய்க் குப்பியையே வெறிதாக்கிவிட்டோம்.

தந்தையார் வந்து குப்பியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நட்டுச் சில நாட்களேயான வெங்காயம் நீருக்குக் காத்திருந்தது. நல்லவேளை, பழைய துலா கிணற்றடியில் நின்றது. பெரியப்பா துலா மிதிக்க ஏறினார். தந்தையார் பட்டை பிடித்தார். தண்ணீர் மாறுவது எம் வேலை. வெயில் ஏறும்வரை இறைத்தும் பாதித் தோட்டமே நனைந்தது. அவருடைய உள்ளங்கைகள் சிவந்து கன்றியிருந்தமையை மதியம் சோறுண்ணும்போதுதான் கண்டோம்.

மாலையில் எங்கேயோ சென்று அரைக் குப்பி பெற்றோல் கொண்டுவந்தார். அதனை எம் கையிலேயே தந்தார்.