சுறாவுக்குக் கிடைத்தது, கானமயிலுக்கு?



குஜராத்தின் சௌராஷ்டிரக் கடலோரத்துக்குத் திமிங்கலச் சுறா வருகிறது. உலகிலேயே பெரிய மீன் அதுதான். அதே மாநிலத்தில், கட்ச் புல்வெளியில் கானமயில் என்ற பறவை நடமாடுகிறது. 15 கிலோ வரை எடை, பெரும்பாலும் தரையில்தான் வாழ்க்கை. இந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது எப்படி?

ஒரு காலத்தில் சுறாவைக் கொன்று, ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசினார்கள். 2001-ல் தடை வந்தது. சட்டம் போட்டால் மட்டும் போதுமா? 2004-ல் தொடங்கிய பிரசாரத்தில், ராமகதை சொல்லும் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார். இந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளைக் கொல்வோமா என்ற பேச்சு அவர்கள் மனதைத் தொட்டுவிட்டது. இன்று சுறா சிக்கினால், கத்தியை எடுத்துச் சொந்த வலையையே அறுத்து விடுகிறார்கள். அரசு இழப்பீடு தருகிறது, உண்மைதான். ஆனாலும் புது வலை வரும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அதையும் மீறித்தான் அறுக்கிறார்கள்.

கானமயிலுக்குச் சட்டப் பாதுகாப்பு 1972 முதலே உண்டு. இயற்கைச் சூழலில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 150, பெரும்பாலானவை ராஜஸ்தானில். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், பறக்கும்போது நேர் எதிரே வரும் மின்கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும், அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாமல் மோதிச் செத்துப்போகிறது.

இங்கே மனம் மாற்ற ஒரு வேட்டைக்காரர் இல்லை. அந்தக் கம்பிகள் சுமந்து வரும் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் நமக்குத் தேவை. நிலக்கரிப் புகையைக் குறைப்பவை அவை. தென்னிந்தியாவும் 2013 கடைசியில் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்துவிட்டது. அப்படியென்றால், அந்தக் கம்பிக்கும் நம் வீட்டு சுவிட்சுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியுமா?

கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2024-ல் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தது. முடிந்த இடத்திலாவது சீக்கிரம் பதிக்கலாமே! செலவு கடைசியில் நம் கரண்ட் பில்லில் கொஞ்சம் ஏறலாம். ஏறினால் பரவாயில்லை என்பது என் கருத்து. மாத பட்ஜெட் போடுகிற உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? பேசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்