ஏலக்காய் விலை பார்ப்பவரை யார் விலை பேசுகிறார்கள்?

போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஏலம் நடத்தும் நிறுவனத்துக்கு நறுமணப் பொருள்கள் வாரியத்தின் உரிமம் வேண்டும். விலை கேட்கும் வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். 1987-ஆம் ஆண்டு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. காய் லாட் லாட்டாக ஏலத்துக்கு வருகிறது. ஏலம் முடிந்ததும் எத்தனை லாட், வரத்து எத்தனை கிலோ, விற்றது எவ்வளவு, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்ற விவரம் வாரியத்தின் இணையதளத்தில் வந்துவிடும். கம்பம், தேவாரம், சின்னமனூர்ப் பக்கம் வீடும் இடுக்கி மலையில் தோட்டமுமாக இருப்பவர்கள் அதைச் செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். செய்தித் தளங்களும் விலை நிலவரம் சொல்லும் தனியார் தளங்களும் அதே விவரத்தை எடுத்துப் போடுகின்றன. விளம்பர வருவாயில் ஓடும் அப்படியொரு பக்கத்தைத் திறந்தால், அது முழுதாக இறங்குவதற்குள் இன்னோர் ஏலமும் நடந்து முடிந்துவிடும். அதில் விலைபோவது பக்கத்தைத் திறந்தவரின் கவனம்.

அந்த ஏலம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் விளம்பரத்துக்கென ஒரு கட்டம் காலியாக விடப்பட்டிருக்கும். அதில் பொதிந்துள்ள நிரல், பார்ப்பவர் எந்தப் போன் வைத்திருக்கிறார், ஏறத்தாழ எந்த ஊரில் இருக்கிறார், எந்தப் பக்கத்தைப் படிக்கிறார், முன்பே அவருக்கு ஒட்டப்பட்ட அடையாள எண் என்ன என்பதையெல்லாம் ஒரு விளம்பரச் சந்தைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பல நிறுவனங்களுக்கு அது ஒரே நேரத்தில் போகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அவை விலை கேட்கின்றன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் கட்டத்தில் வந்து உட்காருகிறது. போடியில் ஏலம் கிடைக்காத வியாபாரி வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இங்கே தோற்றவர்களுக்கும் சரக்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஏனென்றால் விலை கேட்பதற்காகவே அந்தத் தகவல் அவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது. யார் யார் கேட்டார்கள், என்ன விலைக்குப் போனது என்று விற்கப்பட்டவருக்குச் சொல்ல இங்கே எந்த வாரியமும் இல்லை.

அடையாள எண் ஒட்டுவதற்குப் பரவலாகப் பயன்படுவது குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி இதை உருவாக்கியபோது, வாடிக்கையாளர் கூடையில் எதைப் போட்டார் என்று இணையக் கடைக்கு நினைவிருக்க வேண்டும் என்பதே தேவையாக இருந்தது. நாம் திறக்கும் தளம் தனக்காக வைக்கும் குக்கீயில் இன்றும் தவறில்லை. அது இல்லாவிட்டால் வங்கிக் கணக்கில்கூட நுழைய முடியாது. சிக்கல், நாம் அழைக்காத மூன்றாமவர் வைக்கும் குக்கீயில்தான் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் நிரல் ஆயிரக்கணக்கான தளங்களில் இருந்தால், காலையில் ஏலக்காய் விலை, மதியம் நகைக்கடன் வட்டி, இரவில் சிறுநீரகக் கோளாறு என ஒருவர் படித்ததை எல்லாம் அது ஒரே கயிற்றில் கோத்துவிடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் எங்கிள்ஹார்ட்டும், சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் 2016-இல் பத்து லட்சம் தளங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. இப்படிப் பின்தொடரும் நிரல்கள், அதாவது டிராக்கர்கள், மிகுதியாக இருந்தவை செய்தித் தளங்கள். குறைந்தது இரண்டு தளங்களில் கண்ணில் பட்ட சுமார் 81,000 மூன்றாமவர்களில், நூற்றுக்கு ஒரு தளத்துக்கு மேல் கால் பதித்திருந்தவை வெறும் 123.

என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிலமும் கடனும் ஊருக்கே தெரிந்த ஒரு விவசாயிக்கு இந்தக் கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் பல வீடுகளில் ஒரு போன் ஒருவருடையது மட்டுமல்ல. அப்பா திராட்சைக்கு மருந்து தேடிய போனில் மகள் நீட் மாதிரித் தேர்வு எழுதுகிறாள். தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப் ஏறும் அம்மா, மாலையில் அதே போனில் படம் பார்க்கிறாள். திருமணமான மகள் ஊருக்கு வந்திருந்தபோது குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி இரண்டு பக்கம் படித்திருந்தால், அவள் போன பிறகும் அந்த விளம்பரம் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். அவள் யாரிடமும் சொல்லாததை ஒரு நிறுவனம் அவளுக்குப் பதிலாகச் சொல்லிவிடுகிறது. பெயர் இல்லாத எண்தானே என்ற விளம்பரத் துறையின் சமாதானம், ஒரே போனைச் சுற்றி வாழும் குடும்பத்தில் செல்லுபடியாகாது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது யார் என்று வீட்டில் உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போனின் அமைப்புகளை மாற்றிக்கொண்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. மாற்றத்தான் வேண்டும். குரோம் பிரவுசரின் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குள் போய் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனின் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. பயர்பாக்ஸ் தனக்குத் தெரிந்த டிராக்கர்களின் குக்கீகளை 2019 முதலும், ஆப்பிளின் சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கீகள் அனைத்தையும் 2020 முதலும் பயனர் கேட்காமலேயே தடுக்கின்றன. ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் விற்பது ஆண்ட்ராய்டு போன். அதில் ஏற்கெனவே இருப்பது குரோம். மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்பதாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது; பலமுறை தள்ளிப்போட்டது; 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. குரோமின் மறைநிலையில் (இன்காக்னிட்டோ) உலாவியபோதும் தகவல் திரட்டியதாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. குக்கீயை அடைத்தாலும் திரை அளவு, எழுத்துரு, போன் மாதிரி போன்றவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை இருக்கிறது. விளம்பரத் துறையில் உலகின் மிகப் பெரிய நிறுவனம் ஒன்றே பிரவுசரையும் செய்து தரும்போது, பாதுகாப்பின் முழுப் பாரத்தையும் பயனர் தலையில் ஏற்றுவது அநீதி.

ஆகவே பொறுப்பு சட்டத்திடம் வருகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் நடைமுறைக்கு வர விதிகள் 18 மாத அவகாசம் தந்திருக்கின்றன, அதாவது 2027 மே வரை. ஒப்புதல் சுதந்திரமாக, குறிப்பாக, விவரம் அறிந்து தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குக்கீ என்ற பெயரே சட்டத்தில் இல்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கும் வழி எங்கே இருக்க வேண்டும் என்பதும் நிறுவனத்தின் கையில் விடப்பட்டால், தமிழ்ப் பக்கத்தின் மேல் ஆங்கிலப் பெட்டி வந்து நிற்கும், தமிழ் ஒரு மூலையில் சிறு எழுத்தில் கிடக்கும். உத்தமபாளையத்தில் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பெட்டியில் ‘சரி’ என்று தட்டுவது, மறைக்கும் பெட்டியை விலக்குவதற்காகத்தான். அதை ஒப்புதல் என்று, இந்தச் சட்டப்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் ஏற்கக் கூடாது.

அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். அப்பாவின் போன் மகள் கையில் இருக்கும் நேரத்தை விளம்பர நிறுவனம் எப்படி அறியும்? ஒவ்வொருவரிடமும் வயதுச் சான்று கேட்கலாம் என்பார்கள். அது இன்னும் அதிகத் தகவலைப் பிடுங்கும் வழி. பகிர்ந்து பயன்படுத்தும் போன்கள் உள்ள நாட்டில் 9-ஆவது பிரிவை நேர்மையாகப் பின்பற்ற ஒரே வழி, யாராக இருந்தாலும் பின்தொடராமல் தொடங்குவது. விரும்பி ஒப்புக்கொண்டவரை மட்டும் பிறகு பின்தொடரட்டும்.

விளம்பரப் பணம் நின்றால் இலவசச் செய்தியும் நிற்கும் என்ற எதிர்வாதம் கனமானது. செய்தித்தாளில் எழுதுகிறவர்கள் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் விளம்பரம் வேறு, பின்தொடர்தல் வேறு. ஏலக்காய் விலைப் பக்கத்தில் சொட்டுநீர்க் குழாய் விளம்பரம் போடுவதற்குப் படிப்பவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. பக்கம் எதைப் பற்றியது என்று தெரிந்தால் போதும். நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2020-இல் குக்கீ சார்ந்த விளம்பரத்தை விட்டுவிட்டு இந்த முறைக்கு மாறியது. ஆண்டின் முதல் மாதங்களில் அதன் இணைய விளம்பர வருவாய் முந்தைய ஆண்டைவிட ஏறியது. விளம்பரம் விற்கச் சொந்த அமைப்பு அதற்கு இருந்தது; சிறிய தமிழ்த் தளங்களுக்கு அது கிடையாது. எனவே நம் தளங்கள் கூட்டாகச் சேர்ந்து பக்கம் சார்ந்த விளம்பரங்களை விற்பதே நடைமுறை. வட்டாரக் கடைகளும் விதை, உர வியாபாரிகளும் நேரடியாக வரக்கூடிய சந்தை அது.

லட்சக்கணக்கான தளங்களை யார் கண்காணிப்பது என்றும் கேட்கலாம். பிரின்ஸ்டன் ஆய்வு கண்ட அந்த 123 என்ற எண்ணிக்கைதான் பதில். பெரும் வலை விரித்திருப்பவை ஒரு சில நிறுவனங்களே. தரவுப் பாதுகாப்பு வாரியம் அவற்றைப் பிடித்தால் போதும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படித்தான் செய்தது. குக்கீயை ஏற்க ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காக 2021 டிசம்பரில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. இங்கே 2027 மே வரை காத்திருக்கத் தேவையில்லை. பக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே அறிவிப்பு, ஏற்பதும் மறுப்பதும் ஒரே அளவுப் பொத்தான்களாக, ஒன்றும் தொடாதவரைப் பின்தொடரத் தடை என்று வாரியம் இப்போதே தெளிவுபடுத்தலாம். தமிழ்ச் செய்தித் தளங்கள் அதற்கு முன்பே தங்கள் பக்கங்களில் எத்தனை டிராக்கர்கள் ஓடுகின்றன என்று எண்ணி, வாசகர்களுக்கு வெளியிடலாம்.