கிளிக் ஒன்றுதான், விலைதான் வேறு!

ரேஸ் சைக்கிள் ஆசை வந்தவுடன் ஹாஸ்டலில் கிளம்பும் கேள்வி: "கிளாரிஸ் போதுமா மச்சி, டூரா-ஏஸ் வேணுமா?" இரண்டுமே ஜப்பான் ஷிமானோ கம்பெனியின் கியர் செட்டுதான். முன்னது ஆரம்பப் படி, பின்னது உச்சி. அப்பாவிடம் கேட்டு வாங்குற காசுக்கு கிளாரிஸ் போதும் என்பதே என் கட்சி.

லிவரைத் தட்டினால் 'கிளிக்'கென்று ஒரு பல்சக்கரம் மாறும் முறையை 1984-ல் டூரா-ஏஸில்தான் ஷிமானோ ரேஸ் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 1990-ல் அந்த லிவர் பிரேக் பிடியோடு சேர்ந்தது. கிளாரிஸிலும் அதே ஏற்பாடுதான்!

டாலரன்ஸ் படிக்கிற நாம இதைக் கவனிக்கணும். கிளாரிஸின் 8 பல்சக்கரங்களுக்கிடையே 4.8 மி.மீ. தள்ளி வைத்திருக்கிறார்கள். 2016-ல் வந்த 11 பல்சக்கர டூரா-ஏஸில் சுமார் 3.7 தான். கேபிள் கொஞ்சம் தளர்ந்தா கிளாரிஸ் பொறுத்துக்கும். மற்றது கரகரன்னு கத்தும். 2021 டூரா-ஏஸிலோ கியருக்குக் கேபிளே இல்லை, மோட்டார்தான் தள்ளுது. சார்ஜ் போட நம்ம ஹாஸ்டல் கரண்டையா நம்புறது?

எடை குறைவு, லிவர் வெண்ணெய் மாதிரி, ஒத்துக்கிறேன். பந்தயத்தில் நொடிக்கணக்குப் பார்ப்பவர் வாங்கட்டும். நாம மிச்சக் காசில் நல்ல டயர் போடலாம், கேபிளும் செயினும் தேயும்போது மாத்தலாம். கிளிக் பிசகினா கேபிள் நுனியில் இருக்கும் அட்ஜஸ்டரைக் கையால கால் சுற்று திருப்பிப் பாருங்க, ஸ்பேனர்கூட வேண்டாம்.