வீட்டில் கலக்கும் மின்சிகரெட் திரவத்தைச் சூடாக்கி ஊறவைத்தல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சுருக்கமாக

• மிதமான சூடு மின்சிகரெட் திரவத்தின் கலவையை விரைவுபடுத்தும். ஆனால் அதைப் பாதுகாப்பானதாக மாற்றாது.
• நிக்கோட்டின் கலந்த திரவத்தை வீட்டில் எந்த முறையிலும் சூடாக்க வேண்டாம்.
• சிறு குழந்தை நிக்கோட்டின் திரவத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் அதை மருத்துவ அவசரநிலையாகக் கருத வேண்டும்.
• சிகரெட்டைக் கைவிட மின்சிகரெட்டைப் பயன்படுத்துபவர்கள், செலவை எண்ணி மீண்டும் சிகரெட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. இலவச உதவி கிடைக்கிறது.

இது இப்போது பேசப்படுவது ஏன்?

ஐக்கிய இராச்சியத்தில் மின்சிகரெட் தொடர்பான விதிகள் அடுத்தடுத்து மாறி வருகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டுகளின் விற்பனை 2025 ஜூன் 1 அன்று தடைசெய்யப்பட்டது. அடுத்த மாற்றம் வரி. 2026 அக்டோபர் 1 முதல் மின்சிகரெட் திரவம் ஒவ்வொரு 10 மில்லிலீட்டருக்கும் 2.20 பவுண்டு வரி என அறிவிக்கப்பட்டுள்ளது. திரவத்தில் நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவ்வரி ஒன்றே. 60 மில்லிலீட்டர் திரவத்துக்கு இது 13.20 பவுண்டு ஆகும். இதன் மேல் மதிப்புக்கூட்டு வரியும் சேரும்.

இந்நிலையில், திரவத்தை வீட்டிலேயே கலந்துகொண்டால் செலவு குறையுமே என்ற எண்ணம் பலருக்கு எழுவது இயல்பு. அவ்வாறு கலப்பவர்கள் விரைவில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. கலந்த திரவம் நல்ல சுவை பெற நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், காத்திருக்க வேண்டியுள்ளது. சற்றுச் சூடாக்கினால் அக்காலம் குறையுமா? இப்பக்கம் அக்கேள்வியை மருத்துவ நோக்கில் ஆராய்கிறது.

ஊறவைத்தல் என்பது என்ன?

மின்சிகரெட் திரவத்தில் பொதுவாக நான்கு பொருட்கள் உள்ளன: புரோப்பிலீன் கிளைக்கால், தாவரக் கிளிசரின், சுவையூட்டி, நிக்கோட்டின். புதிதாகக் கலந்த திரவத்தின் சுவை தனித்தனியாகவும் காரமாகவும் தோன்றும். சில நாட்கள் மூடி வைத்தபின் சுவைகள் ஒன்றோடொன்று இணங்குகின்றன. ஊறுகாய் ஊறுவது போன்ற இச்செயலையே ஊறவைத்தல் என்கின்றனர்.

இக்காலத்தில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, தடித்த கிளிசரினுக்குள் மற்றப் பொருட்கள் மெதுவாகப் பரவுகின்றன. இரண்டாவது, சுவையூட்டியில் உள்ள எத்தனால் போன்ற எளிதில் ஆவியாகும் பொருட்கள், மூடியைத் திறக்கும்போது சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. மூன்றாவது, பொருட்களுக்கிடையே வேதிவினைகள் நிகழ்கின்றன. முதல் மாற்றம் வெறும் கலப்பு. மூன்றாவது அப்படியன்று, அதன் முடிவில் தொடக்கத்தில் இல்லாத புதிய பொருட்கள் திரவத்தில் இருக்கும்.

சூடு என்ன செய்கிறது?

வெந்நீரில் குப்பியை நிறுத்துதல், மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் வைத்தல், நகைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் தூய்மையாக்கும் மீயொலிக் கருவியில் இடுதல் எனப் பல முறைகள் கையாளப்படுகின்றன. இவற்றால் பயன் சிறிதும் இல்லை என்று கூறுவது சரியன்று. கிளிசரின் 20 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 40 பாகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தடிப்பே கொண்டிருக்கும். ஆகவே, வெதுவெதுப்பான திரவம் விரைவாகக் கலக்கும்.

ஆனால் சூடு விரும்பிய மாற்றத்தை மட்டும் தெரிந்தெடுத்து விரைவுபடுத்துவதில்லை. வேதிவினைகளையும் சேர்த்தே விரைவுபடுத்துகிறது. யேல், டியூக் ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கவனத்துக்குரியது. வனிலா, இலவங்கப்பட்டை, செர்ரி போன்ற சுவைகளைத் தரும் ஆல்டிஹைடுகள், புரோப்பிலீன் கிளைக்காலுடன் வினைபுரிந்து அசிட்டால் என்னும் சேர்மங்களாக மாறுவதை அவர்கள் கண்டனர். இவ்வினை அறை வெப்பநிலையிலேயே நிகழ்கிறது. உருவான சேர்மங்கள், சுவாசப்பாதையில் எரிச்சலை உணர்த்தும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டக்கூடியவை எனவும் அவர்கள் கண்டறிந்தனர். இச்சேர்மங்களை நெடுங்காலம் உள்ளிழுப்பதன் விளைவு இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை. எனவே, சுவை இணங்கிவிட்டது என்பதைக் கொண்டு திரவம் நுரையீரலுக்கு இதமானது என முடிவு செய்ய இயலாது.

நிறம் கறுத்தால் பக்குவமாகிவிட்டதா?

இல்லை. இது பரவலான தவறான புரிதல். நிக்கோட்டின் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேரும்போது மஞ்சளாகவும் பின்னர் பழுப்பாகவும் மாறுகிறது. சூடும் வெளிச்சமும் இதனை விரைவுபடுத்துகின்றன. வனிலா வகைச் சுவையூட்டிகளும் திரவத்தைக் கறுக்கச் செய்யும். ஆகவே, சூடாக்கிய குப்பி ஓரிரவில் பழுப்பாவது, சுவை முதிர்ந்தமைக்கு மட்டுமன்றி நிக்கோட்டின் சிதையத் தொடங்கியமைக்கும் அறிகுறியாக இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய முடியாது.

சூட்டினால் நீங்காத ஆபத்துகள்

சமையலில் சூடு கிருமிகளை அழிக்கிறது. அந்த அனுபவத்தால், சூடாக்கிய பொருள் தூய்மையானது என்ற நம்பிக்கை நமக்குள் ஊறியுள்ளது. மின்சிகரெட் திரவத்தில் ஆபத்து கிருமிகளால் அன்று, பொருட்களால் வருகிறது. அவை மிதமான சூட்டினால் நீங்குவதில்லை.

உணவுக்கு ஏற்றது, நுரையீரலுக்கு ஏற்றதன்று. வெண்ணெய்ச் சுவை தரும் டையசெட்டில் உண்பதற்குப் பாதுகாப்பானது எனக் கருதப்பட்டது. ஆனால் 2000-ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மைக்ரோவேவ் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் அதன் ஆவியை உள்ளிழுத்த தொழிலாளர்களிடம், மூச்சுச் சிறுகுழாய்களை மீளமுடியாதவாறு அடைக்கும் கடும் நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது. பிரித்தானியாவில் நிக்கோட்டின் உள்ள மின்சிகரெட் திரவங்களில் டையசெட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. இனிப்புப் பண்டங்களுக்காக விற்கப்படும் சுவையூட்டிகளுக்கு இத்தடை பொருந்தாது.

எண்ணெய்களை ஒருபோதும் உள்ளிழுக்கக் கூடாது. எண்ணெய் சார்ந்த சுவையூட்டிகளும் நறுமண எண்ணெய்களும் நுரையீரலை அடைந்தால் கடும் அழற்சி ஏற்படலாம். அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் பாதிப்பு இதற்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. 2020 பெப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனதாகப் பதிவாயிற்று. இறந்தவர்கள் 68 பேர். ஆராயப்பட்ட 51 நோயாளிகளுள் 48 பேரின் நுரையீரல் நீரில் வைட்டமின் ஈ அசிட்டேட் காணப்பட்டது. பெரும்பாலான பாதிப்புகள், கஞ்சாவின் போதைப்பொருள் கலந்து ஒழுங்குமுறைக்கு வெளியே விற்கப்பட்ட திரவங்களோடு தொடர்புடையவை. சாதாரண நிக்கோட்டின் திரவத்தோடு அவற்றைச் சமப்படுத்துவது தவறு. எனினும் பாடம் பொதுவானது: தோலில் பூசவும் மாத்திரையாக விழுங்கவும் பயன்படும் ஒரு பொருள், உள்ளிழுக்கும்போது உயிரைப் பறிக்கலாம்.

சமையலறையில் நேரக்கூடியவை

மூடிய குப்பியைச் சூடாக்கும்போது உள்ளே அழுத்தம் கூடும். மெல்லிய பிளாஸ்டிக் குப்பிகள் வெந்நீரில் இளகி வடிவம் மாறும், கசியும். மைக்ரோவேவ் அடுப்பு திரவத்தைச் சீராகச் சூடாக்குவதில்லை; வெளியே வெதுவெதுப்பாகத் தோன்றும் குப்பியின் உட்பகுதி கொதிநிலையை நெருங்கியிருக்கலாம். எத்தனால் கலந்த சுவையூட்டியின் ஆவி, எரிவாயு அடுப்பின் சுடரில் தீப்பற்றக்கூடும்.

நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். சூடேறி நீர்த்த திரவம் எளிதில் சிந்தும். கையுறையின்றித் துடைப்பவருக்கு, ஒரு துளியும் அருந்தாமலே குமட்டலும் தலைச்சுற்றலும் வரலாம்.

யாவற்றினும் பெரிய ஆபத்து குழந்தைகளுக்கே. கடையில் விற்கும் 10 மில்லிலீட்டர் குப்பி சிறியது. குழந்தைகள் திறக்கவியலாத மூடி அதற்குச் சட்டப்படி கட்டாயம். வெந்நீர்ப் பாத்திரத்தில் மூடி தளர்த்தி நிறுத்திய குப்பிக்கு அக்காப்பு இல்லை. அது பழச்சாறு போல மணக்கும். சமையலறை மேசையில் மணிக்கணக்கில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தாய் வீட்டில் மின்சிகரெட் திரவம் கலந்துகொண்டிருந்தபோது, ஒன்றரை வயதுக் குழந்தை நிக்கோட்டின் குப்பியை வாயில் வைத்து, பின்னர் உயிரிழந்தது. 2018-இல் நிகழ்ந்த இம்மரணத்தைப் பற்றி மறுஆண்டு மரண விசாரணை அதிகாரி பொது எச்சரிக்கை விடுத்தார். 2014-இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலும் ஒரு வயதுக் குழந்தை திரவ நிக்கோட்டினால் இறந்தது. கவனக்குறைவான பெற்றோருக்கே இது நேரும் என எண்ண வேண்டாம். கதவு மணி ஒலித்து ஒருவர் எழுந்து செல்லும் நேரம் போதும்.

அளவில் பிழை நேர்ந்தால்?

பிரித்தானியச் சட்டப்படி விற்பனைக்கு வரும் திரவத்தில் மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கலாகாது. குப்பி 10 மில்லிலீட்டரை விஞ்சலாகாது. ஆகவே, ஒரு குப்பியில் கூடியது 200 மில்லிகிராம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்படும் 72 மில்லிகிராம் அடர்த்தியுள்ள 100 மில்லிலீட்டர் குப்பியில் 7,200 மில்லிகிராம் உள்ளது. இது 36 சிறு குப்பிகளுக்குச் சமம். 20 எனக் கருதி 72 அடர்த்தியுள்ள திரவத்தை ஊற்றிவிட்டால், 3 மில்லிகிராமாக இருக்க வேண்டிய கலவை ஏறத்தாழ 11 ஆகிவிடும். சூடாக்குவதோ காத்திருப்பதோ இப்பிழையைத் திருத்தாது.

நோய் உள்ளவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை

ஆஸ்துமா அல்லது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குச் சுவையூட்டிகளின் எரிச்சல் இருமலையும் இழைப்பையும் தூண்டக்கூடும். புதிய கலவையைத் தொடங்கியபின் அறிகுறிகள் கூடினால், அதை நிறுத்தி மருத்துவரிடம் தெரிவியுங்கள். எதைக் கலந்தீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். சிகிச்சைக்கு அத்தகவல் தேவை.

கர்ப்பிணிகள் நிக்கோட்டின் அடர்திரவத்தைக் கையாள்வதைத் தவிர்க்க வேண்டும். அவர்கள் வீட்டில் இருக்கும்போது மற்றவர்களும் அதைச் சூடாக்கலாகாது.

குளோசப்பின், ஒலான்சப்பின், தியோஃபைலின், வார்ஃபரின் ஆகிய மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சிகரெட் புகை இம்மருந்துகளை உடல் விரைவாகக் கழிக்கச் செய்கிறது. புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயரலாம். மீண்டும் புகைத்தால் குறையலாம். வீட்டுக் கலவை பிடிக்காமல் ஒருவர் சில நாட்கள் சிகரெட்டுக்குத் திரும்புவதும் சிகிச்சையைப் பாதிக்கக்கூடும். இத்தகைய மாற்றம் எதுவாயினும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முன்கூட்டியே கூறுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் கலப்பவர்களுக்கு

சந்தையில் முறைப்படி அறிவிக்கப்பட்ட திரவங்களின் உட்பொருட்களும் ஆவியில் வெளிப்படும் பொருட்களும் பற்றிய விவரங்களை உற்பத்தியாளர்கள் ஒழுங்குமுறை முகமைக்கு அளித்தாக வேண்டும். வீட்டுக் கலவைக்கு அத்தகைய சோதனை இல்லை. எனவே, வாங்கிப் பயன்படுத்துவதே எமது பரிந்துரை. ஆயினும் கலப்பவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

• சூடாக்க வேண்டாம். நன்கு குலுக்கி, மூடி, குளிர்ந்த இருண்ட இடத்தில் வைத்துக் காத்திருங்கள். கலப்பதற்குத் தேவையானது குலுக்கலும் காலமுமே.
• 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நிக்கோட்டின் திரவத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.
• எண்ணெய், வைட்டமின், இனிப்பு, நிறமி, உணவுக்கான சுவையூட்டி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம்.
• கையுறை அணியுங்கள். சமையல் பாத்திரங்களையும் அளவுக் கரண்டிகளையும் பயன்படுத்த வேண்டாம்.
• குப்பியில் பெயர், அடர்த்தி, நாள் எழுதி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். குளிர்பான, மருந்துக் குப்பிகளில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்.

நிக்கோட்டின் நஞ்சு ஏறினால்

முதலில் வாந்தி, உமிழ்நீர் பெருகுதல், வியர்வை, வெளிறுதல், விரைந்த இதயத் துடிப்பு ஆகியவை தோன்றும். கடுமையானால் தளர்ச்சி, வலிப்பு, மூச்சுத் தடை ஏற்படலாம்.

வாயில் எஞ்சியதை அகற்றுங்கள். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். தோலில் பட்டிருந்தால் நனைந்த உடையை நீக்கி, நிறைய நீரால் கழுவுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் 999-ஐ அழையுங்கள். சிறு குழந்தை விழுங்கியிருந்தால் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றச் சூழல்களில் 111-ஐ அழைக்கலாம். குப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

செலவுதான் கவலையென்றால்

புகைப்பவருக்கு மின்சிகரெட், சிகரெட்டைவிடப் பெருமளவு தீங்கு குறைந்தது. புகைக்காதவரும் சிறுவரும் அதைத் தொடங்கவே கூடாது. இவ்விரு உண்மைகளும் ஒருசேர நினைவில் இருக்க வேண்டும். புதிய வரியோடு புகையிலை வரியும் உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டிருப்பதால், சிகரெட்டுக்குத் திரும்புவது சிக்கனமும் ஆகாது.

இங்கிலாந்தில் உள்ளூர்ப் புகைநிறுத்தச் சேவைகள் இலவசம். 0300 123 1044 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தோ மருந்தகத்தில் கேட்டோ, நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் பசை முதலியவை பற்றி அறியலாம். நிக்கோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்தால் திரவத்தின் தேவையும் ஒருநாள் இல்லாது போகும். திரவத்தால் உடல்நலக் கேடு நேர்ந்தால் ‘மஞ்சள் அட்டை’ திட்டத்தின் வழியே முறையிடுங்கள். அது அடுத்த குடும்பத்தைக் காக்க உதவும்.