தேடுதலுக்கும் கூலி உண்டு

செங்கற்பட்டுச் சீமையைக் கார்களின் தாய்நாடு என்று கூறினும் மிகையாகாது. மறைமலைநகரில் போர்டு நிறுவனத்தார் 2022 வரையில் கார்களைச் செய்தனர். மகேந்திரா உலக நகரில் மகேந்திரா நிறுவனத்தாரின் ஆராய்ச்சி நிலையம் விளங்குகின்றது. அதனை அடுத்து 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்பட்டு வருகின்றன. இங்ஙனம் வண்டிகள் பிறக்கும் நாட்டில், அவை நோயுற்றவிடத்து நோயின் காரணத்தைத் தேடும் வழக்கம் அருகி வருவது வருந்தத்தக்கது. இதற்குப் பொறுப்பாளர் பட்டறைக்காரர் மாத்திரம் அல்லர், வண்டியுடையாரும் ஆவர் என்பதே நமது கருத்து.

பெட்ரோல் வண்டிக்கு வரும் ஒரு நோயை உதாரணமாகக் கொள்வோம். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லுங்கால் குறையொன்றும் தோன்றாது. பரனூர்ச் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்பொழுதோ, குளிர்காய்ச்சல் கண்டவரைப்போல் யந்திரம் நடுங்கும். சிற்சில வேளைகளில் அணைந்தும் போகும். ‘ஐடிலிங் நிற்கவில்லை’ என்று பட்டறையில் இதனைச் சொல்லுவர். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது காற்றுக் கசிவு.

நம்மைச் சூழ்ந்த காற்றுக்கு அழுத்தம் உண்டென்பதை 1643இல் டாரிசெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் பாதரசக் குழாயினால் விளக்கினார். கடல் மட்டத்தில் அவ்வழுத்தம் ஏறக்குறைய 30 அங்குலப் பாதரசத்தைத் தாங்கும். வண்டி நிற்க, யந்திரம் மாத்திரம் ஓடும் காலத்தில், காற்று புகும் வாயிலாகிய திராட்டில் பெரும்பாலும் மூடியிருக்கும். உள்ளே பிஸ்டன்களோ காற்றை இழுத்த வண்ணம் இருக்கும். ஆதலின், குறையற்ற யந்திரத்தின் உட்புகு குழாயில் அழுத்தம் வெளியிலிருப்பதைவிடப் பொதுவாக 17 முதல் 22 அங்குலம் வரை தாழ்ந்து நிற்கும். அக்குழாயோடு இணைந்த ரப்பர் ஓஸ் ஒன்றில் சிறு கீறல் விழினும், வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாயும்.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றை அளக்கும் கருவியைக் கடந்த பின்னர்ப் புகுந்த காற்று, கணக்கில் சேராத காற்று. அதனால் கலவை மெலிகின்றது, சில சுற்றுக்களில் தீப்பற்றாமலே போகின்றது, நடுக்கம் பிறக்கின்றது. வேகம் கூடியபோது முறைப்படி செல்லும் காற்று மிகுதலின், களவாய்ப் புகும் காற்று அதன்முன் அற்பமாகிவிடுகின்றது. நிற்கும்போது மாத்திரம் நோய் தோன்றுவதன் மருமம் இதுவே. காற்றின் அளவை விடுத்து அழுத்தத்தையே அறியும் கருவியுடைய வண்டிகளில், நடுக்கத்திற்குப் பதிலாகச் சுற்று வேகம் ஏறிவிடுவதும் உண்டு.

மாமல்லபுரக் கரையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பார் பலர். யந்திரத்தின் வெப்பம் ரப்பரை ஆண்டுதோறும் இறுகச் செய்து வெடிக்க வைக்கின்றது. உப்புக் காற்றோ ஓஸைப் பற்றியிருக்கும் இரும்புக் கிளிப்புகளை அரிக்கின்றது. அத்தகைய ஓட்டுநர் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய கார் நடுங்கத் தொடங்கிற்று. பட்டறை ஒன்றில் முதலில் பிளக்குகளை மாற்றினர், நடுக்கம் தீரவில்லை. பின்னர்க் காயிலை மாற்றினர், தீரவில்லை. இன்ஜெக்டரைக் கழுவினர், அப்போதும் தீரவில்லை. பல ஆயிரம் ரூபாய் செலவான பின்னர், வேறொரு முதியவர் ஒரு மணி நேரம் தேடி, விரல் நீளமுள்ள ஓஸ் ஒன்றின் அடிப்பக்கத்தில் வெடிப்பைக் கண்டார். அந்த ஓஸின் விலை, முன்னர் வாங்கிய ஒரு பிளக்கின் விலைக்கும் குறைவு.

இது பணத்தோடு நிற்கும் காரியமும் அன்று. காலால் மிதிக்கும் பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டரும் இதே உட்புகு குழாயின் தாழ்ந்த அழுத்தத்தைக் கொண்டே வேலை செய்கின்றது. கசிவு அதன் ஓஸில் இருக்குமாயின், பிரேக் மிதி கல்லைப்போல் இறுகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைகுட்டிகளோடு செல்லும் குடும்பத்தின் உயிர் அவ்வோஸில் தொங்குகின்றது. ஐடிலிங் வேகத்தை மாத்திரம் சற்று ஏற்றி நடுக்கத்தை மறைத்து அனுப்புவது எத்துணைத் தீங்கென்பதை எண்ணிப் பார்க்க.

தேடும் வழிகளும் அரியன அல்ல. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இணைப்பினருகிலும் கொண்டு சென்றால், கசியும் இடம் சீறுவது கேட்கும். கிளைக்குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்தி அடைத்துப் பார்க்கலாம். புகை செலுத்தும் கருவி இருப்பின், புகை வெளிப்படும் இடமே கசிவு என அறியலாம். வண்டியின் கணினி தானாகக் கூட்டிக்கொண்ட பெட்ரோலின் அளவு, நிற்கும்போது மிகுந்தும், 2500 சுற்றில் குறைந்தும் காணப்படின், கசிவையே முதலில் ஐயுற வேண்டும். சூடான யந்திரத்தின்மேல் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளித்துப் பார்ப்பது தீ விபத்துக்கு இடமாகும்.

இவ்வளவும் அறிந்த தொழிலாளரும் தேடாமல் பொருளை மாற்றுவது ஏன்? பட்டறைக்காரர் ஒருவர் நம்மிடம் கூறிய மறுமொழி இது: “புதுச் சாமானுக்குக் காசு கொடுக்கிறார்கள். தேடினதற்குக் காசு கேட்டால் யார் ஐயா கொடுப்பார்?” அவர் கூறியதில் நியாயம் உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும் பொருளுக்கு விலை தரும் நம்மவர், கண்ணும் காதும் அறிவும் ஒரு மணி நேரம் உழைத்ததற்குத் தர மறுக்கின்றனர். ஓஸைக் கண்டெடுத்தவருக்கு ஓஸின் விலையே கூலி என்றால், அடுத்த முறை அவர் ஏன் தேடுவார்?

தேடாமலே தேடியதாகச் சொல்லிக் கூலி கேட்பாரும் உண்டே எனச் சிலர் வினவலாம். அதற்கும் வழி உண்டு. தேடுதற்குரிய கூலியை முன்னரே பேசிக்கொள்க. கசிவைக் கண்ட இடத்தைக் காட்டும்படியும், கழற்றிய பழைய பொருளைத் திருப்பித் தரும்படியும் கேட்க. நேர்மையுள்ள தொழிலாளர் இதனை மகிழ்ந்தே செய்வார்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் பெண்ணொருத்தி தன் பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்துவிடுகின்றாள். அவள் விளக்கேற்றுகின்றாள், வீட்டைப் பெருக்குகின்றாள், காசு கிடைக்கும்வரை கருத்தாய்த் தேடுகின்றாள், கிடைத்தபின் அண்டை அயலாரையும் அழைத்து மகிழ்கின்றாள். அவ்விளக்கொளியில் நின்று தேடும் தொழிலாளர் நம் பட்டறைகளிலும் உள்ளனர். அவர் விளக்கு அணையாதிருக்க வேண்டுமாயின், அதற்குரிய எண்ணெயை வார்க்க வேண்டியவர் வண்டியுடையாரே.